மூன்று வருடமாகியும் பூக்காத சரக்கொன்றை: வெட்டுவதற்கு முன் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு. வாசலில், காம்பவுண்டுச் சுவருக்கு நாலடி தள்ளி, மூன்று வருடம் முன்பு ஒரு சரக்கொன்றைக் கன்று வைத்தீர்கள். இப்போது பத்தடி உயரம். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர், மாதம் ஒரு கைப்பிடி யூரியா. மரம் தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. போன ஆவணியில் புழு விழுந்து ஒரே வாரத்தில் மொட்டையாகி, மறுபடி தழைத்தது. இப்போது வரும் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாக இருக்கின்றன. வேர் சுவரை உடைத்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். "வெட்டிவிட்டு வேறு ஏதாவது வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டாதீர்கள். நீங்கள் சொன்ன எதுவும் மரத்தை இழக்கிற அளவுக்கு இல்லை. ஒன்றிரண்டு பழக்கத்தை மாற்றினால் போதும், அதில் முதலாவது அந்தத் தினசரிக் குடம்.

மூன்று வயது சரக்கொன்றைக்குச் சின்ன வயதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதையிலிருந்து வந்த கன்று நல்ல இடத்தில் நின்றால் நாலாவது, ஐந்தாவது வருடத்தில் முதல் சரம் தொங்கும். ஏழெட்டு வருடம் எடுத்துக்கொண்ட மரங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதுவரை பூக்காததை ஒரு குறையாகவே நினைக்காதீர்கள். ஆனால் இப்போது வளர்க்கிற மாதிரியே வளர்த்தால் ஆறு வருடமானாலும் இலையாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊர் விவசாயிகள் சொல்வார்கள் அல்லவா, அது சரக்கொன்றைக்கு அப்படியே பொருந்தும். இது காட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிறுமலை அடிவாரம், சேர்வராயன் சரிவு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்பக்கத்து இலையுதிர் காடுகள், இப்படி வருடத்தில் நாலைந்து மாதம் மழையே எட்டிப்பார்க்காத இடங்கள். ஆண்டுக்கு 500 மி.மீ. சுற்றி மழை பெய்கிற ஊரில்கூட இது பிழைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு தை வரை தள்ளும், மாசி, பங்குனியில் இலையை உதிர்க்கும், மண் காய்ந்து வெயில் ஏறுகிற நேரத்தில் வெறும் கிளையிலிருந்தும் இளந்தளிரோடு சேர்ந்தும் சரம் சரமாகப் பூவை இறக்கும். கேரளத்தில் விஷுக்கணியில் இந்தப் பூவைத்தான் வைக்கிறார்கள், அவர்களுடைய மாநில மலரும் இதுதான். விஷு வருவது ஏப்ரல் நடுவில், நம் சித்திரை பிறக்கிற அதே சமயம். அந்த நேரத்தில் பூக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மண் ஒரு இரண்டு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். தினம் குடம் குடமாக ஊற்றினால் மரத்துக்குக் கோடை வந்ததே தெரியாது. இலையை உதிர்க்காது, கிளையை நீட்டிக்கொண்டே போகும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிற தண்ணீர் மேலே அரையடி மண்ணைத்தான் நனைக்கும். தண்ணீர் இருக்கிற இடத்தில்தானே வேர் இருக்கும், அது கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் மேலாகவே படர்ந்துவிடும். செம்மண்ணில் இதை ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். கரிசலில் முடியாது, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிற மண் அது, வெடிக்கும்போது மேல்வேர்களை அறுத்துக்கொண்டுதான் பிளக்கும். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனால் மரம் வாடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். வறட்சி தாங்கும் மரம் என்று கேள்விப்பட்டு வாங்கினேன், பத்து நாள் தாங்கவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். வறட்சியைத் தாங்குவது ஆழத்தில் இருக்கிற வேர். அது இறங்குவதற்கு நாம் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, இதற்காக நாளைக்கே ஒரேயடியாகத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடம் மேல்வேரிலேயே பழகிய மரம், திடீரென்று நிறுத்தினால் தவிக்கும். முதல் ஒரு மாதம் மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஆனால் ஒரு குடத்துக்குப் பதிலாக மூன்று குடம். அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை, நாலு குடம். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. மழை பெய்கிற வாரத்தில் தொடவே வேண்டாம். தூரிலேயே ஊற்றாமல், தூரிலிருந்து மூன்றடி தள்ளி வட்டமாக ஒரு பாத்தி எடுத்து அதில் விடுங்கள், சுவர்ப் பக்கம் பாத்தி வேண்டாம், வீட்டுப் பக்கமும் தெருப் பக்கமுமாக அரைவட்டம் போதும். மத்தியான நிழல் எதுவரை விழுகிறதோ அந்த விளிம்புதான் உறிஞ்சு வேர்கள் இருக்கும் இடம், வருடாவருடம் நிழல் விரிய விரியப் பாத்தியையும் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். தூரை ஒட்டின மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கக் கூடாது. வறட்சியைத் தாங்குகிற இந்த மரம் கால் நனைந்து நிற்பதைத் தாங்காது. கரிசலில் கொன்றைக் கன்றுகள் செத்துப்போவது கோடையைவிட ஐப்பசியில்தான் அதிகம் என்பது நான் பார்த்தது.

தண்ணீர் கீழே இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் விட்ட மறுநாள் பாத்தியில் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். ஒன்றரை அடி சுலபமாக இறங்கினால் சரியாகப் போயிருக்கிறது. அரையடியில் முட்டினால் தண்ணீர் மேலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒன்றரை அடி நீளத்துக்கு இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு எடுத்து, பாத்திக்குள் செங்குத்தாகப் புதைத்து, உள்ளே கருங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, அதன் வழியாகத் தண்ணீர் விடலாம். அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகின மண்பானையைப் புதைத்து வைத்தாலும் சரி. பானை இளங்கன்றுக்கு நல்லது, உங்கள் மரத்துக்குக் குழாய்தான் பொருத்தம்.

மார்கழி கடைசியில் சுத்தமாக நிறுத்திவிடுங்கள். தை முழுக்க, மாசி முழுக்க ஒரு சொட்டு வேண்டாம். மாசியில் இலை மஞ்சளாகும், கொட்டும், பார்க்கிறவர்கள் எல்லோரும் "மரம் பட்டுப்போகுதே, தண்ணி விடக் கூடாதா" என்று கேட்பார்கள். விடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. பழகுகிற முதல் கோடையில் மட்டும், கிளை நுனியே கறுத்துக் காய ஆரம்பித்தால் ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள். மொட்டுச் சரம் வெளியே வந்த பிறகு ஒரு தடவை விடலாம், தப்பில்லை.

அடுத்தது யூரியா. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். தழைச்சத்து கூடக்கூட மரம் இலையும் கொப்புமாகத்தான் போகும், அந்த மெத்தென்ற கொழுந்துக்குத்தான் புழுவும் வரும், மாவுப்பூச்சியும் வரும். கொன்றை அவரைக் குடும்பம்தான், ஆனாலும் நிலக்கடலை, உளுந்து மாதிரி வேரில் முடிச்சு விட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்கிற இனமில்லை. அதனால் முதல் இரண்டு மூன்று வருடம் வருடத்துக்கு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் போடுவது நியாயம்தான். புரட்டாசியில், மழைக்கு முன்னால், பாத்தியில் போட்டுக் கொத்திவிட்டால் போதும். வேப்பம் புண்ணாக்கு இருந்தால் அரைக் கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இந்த மரத்துக்கு உரச்செலவு கிடையாது.

கொழுந்து மஞ்சளாக வருவதைப் பற்றி. இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சையாகவும் நரம்புக்கு நடுவில் மட்டும் வெளிறியும், அதுவும் நுனி இலைகளில் மட்டும், அடி இலைகளில் இல்லாமல் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டிருக்கும், தினம் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருந்தால் இன்னும் மோசமாகும். உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம், பாதி எலுமிச்சம்பழச் சாறு, கலக்கி வடிகட்டி, சாயங்கால நேரத்தில் இலையில் நனையத் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. கலக்கின அன்றே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் பழுப்பாகிப் பலனில்லாமல் போகும். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை விழும், கவனம். நிரந்தரமாகச் சரியாவது மூடாக்கில்தான். உதிர்கிற இலையைப் பெருக்கிக் கொளுத்தாமல் பாத்தியிலேயே போட்டு வையுங்கள், மக்க மக்க மண் இளகும். சருகு தூரைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் சருகிலிருந்து நேரே பட்டைக்கு ஏறும்.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரே வாரத்தில் மரத்தை மொட்டையடித்தது கொன்னை வெள்ளையன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக, விசுக் விசுக்கென்று வேகமாகப் பறக்குமே, அதுதான். கொன்றைக் கொழுந்து எங்கே இருக்கிறது என்று தேடி வந்து, ஒவ்வொரு இளந்தளிரிலும் ஒவ்வொரு முட்டையாக, நெல்முனை மாதிரி மெல்லிசாக, செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டுப் போகும். புழு இலைப் பச்சை நிறம், பக்கவாட்டில் ஒரு வெளிறின கோடு. இலையின் நடுநரம்போடு நீட்டிப் படுத்துக்கொண்டால் ஒரு சாண் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மரத்தடியில் கடுகைக் கொட்டின மாதிரி எச்சம் கிடப்பதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாவதற்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம். அதற்குள் தவிட்டுக்குருவி, மைனா, செம்போத்து எல்லாம் வந்து பாதியைத் தின்றுவிடும்.

இதற்கு மருந்து அடிக்காதீர்கள். இந்த மரமும் இந்தப் புழுவும் காலம் காலமாக ஒன்றாகவே இருந்து வந்தவை, மொட்டையான மரம் பதினைந்து இருபது நாளில் மறுபடி தழைத்துவிடும், உங்கள் மரமே தழைத்துக் காட்டியிருக்கிறதே. என் தெருவில் ஒருவர் போன வருடம் காய்கறிக்கு அடிக்கிற பூச்சி மருந்தை வாங்கி அடித்தார். புழு போனது, கூடவே அந்தக் கோடையில் பூவுக்கு வர வேண்டிய வண்டும் வரவில்லை. ஆளுயரம்கூட இல்லாத சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் கையால் பொறுக்கி வேறு பெரிய கொன்றையில் கொண்டுபோய் விடலாம். பத்தடி மரத்துக்கு அதுவும் வேண்டாம். மாவுப்பூச்சி வேறு விஷயம். கொழுந்துக் கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரியும் அதைச் சுற்றி எறும்பும் இருந்தால், முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள், போகாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துக்கொள்வோம், உங்களிடம் இருப்பது சரக்கொன்றைதானா? கொன்றை என்று கேட்டால் நர்சரியில் மூன்று நான்கு வகையைக் கொடுத்துவிடுகிறார்கள், எல்லாம் மஞ்சளாகப் பூக்கும். இலையை எண்ணினால் தெரிந்துவிடும். சரக்கொன்றையில் ஒரு காம்புக்கு மூன்றிலிருந்து எட்டு ஜோடி சிற்றிலைதான் இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக, பளபளப்பாக இருக்கும். பத்து ஜோடிக்கு மேல், சின்னச் சின்னதாக, நுனி கூராக இருந்தால் அது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் கொன்றை, முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டுக்குள் பரவி, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறதே, அதே மரம். அதன் பூ மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், சரமாகத் தொங்காது. அதுவாக இருந்தால் மட்டும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். இலை புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக, இரண்டடுக்காகப் பிரிந்திருந்தால் அது சாலையோரங்களில் நிறைய நிற்கிற பெருங்கொன்றை, நல்ல நிழல் மரம்தான், ஆனால் மிகப் பெரிதாகும், வீட்டு வாசலுக்கு ஆகாது. நீங்கள் சொன்ன புழுவையும் இலையின் அளவையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது சரக்கொன்றை என்றுதான் நினைக்கிறேன்.

சுவருக்கு வருவோம். அரசு, ஆல் மாதிரி சுவரைத் தேடிப்போய் வேர் விடுகிற மரம் இல்லை இது. ஆணிவேர் உள்ள மரம், கீழே இறங்க விட்டால் இறங்கும். மேலே படர வைத்தால்தான் பக்கத்தில் இருக்கிற ஈரத்தைத் தேடும், அதனால் சுவருக்கும் நல்லது நீங்கள் தண்ணீரை மாற்றுவதுதான். ஆனால் நாலடி என்பது கொஞ்சம் நெருக்கம் என்று சொல்லத்தான் வேண்டும். அடிமரம் இருபது வருடத்தில் ஒரு அடி விட்டத்துக்குப் பெருக்கும், சாதாரணக் காம்பவுண்டுச் சுவருக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் நிம்மதி, கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது. இடம் மாற்றி நடலாமா என்று கேட்காதீர்கள், மூன்று வயதுக் கொன்றையின் ஆணிவேரை அறுத்துப் பிடுங்கினால் பிழைப்பது சிரமம். மேலே மின்கம்பி போகிறதா என்று மட்டும் பாருங்கள். இது முப்பது நாற்பது அடி போகும். கம்பி போனால் வருடாவருடம் மின்வாரியத்தில் வந்து உச்சியை வெட்டுவார்கள், அவர்கள் வெட்டுவது பெரும்பாலும் பூக்கிற கிளையாகத்தான் இருக்கும்.

கவாத்து எப்போது செய்கிறோம் என்பதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். மார்கழி, தையில் "வெயில் வருவதற்குள் வெட்டிவிடலாம்" என்று வெட்டுவார்கள். சரம் வருவது போன வருடத்தில் முற்றின கிளையிலிருந்து, இலை நின்று உதிர்ந்த கணுக்களில். தையில் அதை வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டிவிட்டீர்கள். பூத்து முடிந்த கையோடு, வைகாசி கடைசி அல்லது ஆனியில் வெட்டுங்கள், அந்த மழைக்காலத்தில் துளிர்க்கிற கிளை முற்றி அடுத்த சித்திரைக்குத் தயாராகும். உங்கள் மரத்துக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, தண்டு இரண்டாகக் கவைத்திருக்கிறதா பாருங்கள். கொன்றை தானாக நேராக வளராது, சின்ன வயதிலேயே கவைக்கும், வளையும். நேரானதும் பருத்ததுமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கீழ்க்கிளைகளை ஒரேயடியாக வழித்துவிடாமல் வருடத்துக்கு இரண்டு மூன்றாக எடுத்து, கடைசியில் ஏழெட்டு அடிக்கு மேல் தலை விரிகிற மாதிரி கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே நின்றுதான் நீங்கள் சரத்தைப் பார்க்கப் போகிறீர்கள்.

வேரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டில் நடந்தது ஒரு காரணம். நான் முதன்முதலில் மூன்று கன்று வைத்தேன். இரண்டு, நானே விதை போட்டு எடுத்த ஒரு அடிக் கன்று. ஒன்று, ஒரு நர்சரியில் "சீக்கிரம் பூக்கும்" என்று சொல்லிக் கொடுத்த ஐந்தடிக் கன்று, சின்னப் பையில் இருந்தது. வைத்த முதல் வருடம் அந்த ஐந்தடிக் கன்றுதான் கம்பீரமாக நின்றது, மற்ற இரண்டும் மாடு உரசி ஒடித்து, மறுபடி துளிர்த்து, பரிதாபமாக இருந்தன. இரண்டாம் வருடம் சித்திரையில் ஒரு கோடைமழை, காற்றோடு வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பெரியது வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆணிவேர், தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைக்கிற சும்மாடு மாதிரி, வட்டம் வட்டமாகச் சுருண்டு இறுகிப்போயிருந்தது. பைக்குள் எப்படிச் சுருண்டதோ அப்படியே, இரண்டு வருடம் மண்ணில் இருந்தும் ஒரு சாண்கூடக் கீழே இறங்கவில்லை. நான் கையில் எடுத்து அந்தச் சுருளைப் பிரித்துப் பார்த்தேன், பென்சில் தடிமனில் மூன்று சுற்று இருந்தது. சின்னக் கன்று இரண்டும் இன்று வீட்டைவிட உயரம். இனி நீங்கள் கன்று வாங்கினால் உயரத்தைப் பார்க்காதீர்கள், ஒன்று ஒன்றரை அடிக் கன்று, பையின் அடியில் வேர் வெளியே வராதது, அதைத் தேடி வாங்குங்கள். வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை நடும்போதே பிளேடால் வெட்டிவிட்டு நடலாம், பாதகமில்லை.

புதிதாக நடுகிறவர்களுக்காக இன்னும் ஒரு விஷயம். கரிசலில் குழி எடுத்து அதில் முழுக்கச் செம்மண்ணும் மணலும் நிரப்புகிறார்கள், நல்லது என்று நினைத்துத்தான். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவில் இளகின மண், மழை பெய்தால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும், கன்று அழுகும். இரண்டரை அடிக் குழி எடுங்கள், எடுத்த கரிசலில் பாதியைத் திரும்பப் போட்டு, கால்வாசி செம்மண், கால்வாசி மக்கிய உரம் கலந்து, தரையைவிட அரையடி மேடாக நிரப்பி அதில் வையுங்கள். ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் வடகிழக்கு மழை முழுவதும் வேர் இறங்க உதவும். ஆடு, மாடு இந்த இலையை அவ்வளவாக விரும்பாது, ஆனாலும் மாடு கொம்பால் உரசி ஒடித்துவிடும், முதல் இரண்டு வருடம் முள்வேலியோ கம்பிக் கூண்டோ இல்லாமல் விடாதீர்கள்.

பூக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மரத்தடியில் போய் நில்லுங்கள். சரத்தில் மேலே இருக்கிற பூ முதலில் விரியும், கீழே போகப்போக மொட்டு, நுனியில் பச்சைப் பட்டாணி மாதிரி உருண்டையாக. பூவைப் பார்த்தால் மகரந்தம் தாங்குகிற கேசரம் பத்து இருக்கும், அதில் மூன்று மட்டும் நீளமாக, கொக்கி மாதிரி வளைந்து மேலே திரும்பியிருக்கும். கட்டை துளைக்கிற பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது வருகிற சத்தம் வேறு, இது வேறு, ஒரு சுருதி ஏறிக் கேட்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிர்ந்து வண்டின் மேல் ஒட்டுகிறது. இந்த வண்டு வந்தால்தான் காய் பிடிக்கும். உளுத்துப்போன மரக்கட்டை ஒன்றைத் தோட்டத்து மூலையில் போட்டு வைத்தீர்கள் என்றால் அதில் கூடு வைத்துக்கொள்ளும்.

ஆடி, ஆவணியில் மழை பெய்து சில வருடம் மறுபடி ஓரிரு சரம் வரும், பயப்பட வேண்டாம். பருவம் தவறிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நினைத்துக் கொன்றை பூத்துவிட்டது, அது அறியாமை, கார் இன்னும் வரவில்லை என்று தோழி தலைவியைத் தேற்றுகிற சங்கப் பாட்டு ஒன்று உண்டு. இரண்டாயிரம் வருடமாக நம் ஆட்கள் இந்த மரத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். சிவனுக்கு உகந்த பூ என்பதால் கோயில்களில் தலமரமாகவும் நிற்கிறது, திருச்சி நெடுஞ்சாலையில் போகும்போது அச்சிறுபாக்கத்தில் இறங்கினால் ஆட்சீசுவரர் கோயிலின் தலமரம் சரக்கொன்றைதான்.

வீட்டில் குழந்தைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். காய் ஒன்றரை அடி, இரண்டடி நீளத்துக்குக் கறுப்பாக உருளைக் கம்பி மாதிரி தொங்கும், உள்ளே புளி மாதிரிக் கறுப்புச் சதை, இனிப்பாக இருக்கும். சித்த மருத்துவத்தில் அந்தச் சதையை மலமிளக்கியாகப் பயன்படுத்துகிறார்கள், அளவு தெரிந்தவர்கள் கொடுப்பது. குழந்தைகள் விளையாட்டாகச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் வரும், அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

அந்த நெற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூத்து முற்றிக் கறுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும், தை மாதம் போல ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பதாகப் பார்த்துப் பறியுங்கள். உடைத்தால் அறை அறையாகத் தடுப்பு இருக்கும், அறைக்கு ஒரு விதை, பழுப்பாகப் பளபளவென்று. சதையைக் கழுவிக் காயவைத்துவிட்டு, ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் ஒரு ஓரத்தில் மட்டும் நாலு இழுப்பு இழுங்கள், உள்ளிருக்கும் வெளிர் நிறம் லேசாகத் தெரிந்தால் போதும். நிறைய விதை இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கிற விதையை எடுத்துப் பையில் விதையுங்கள், உப்பாததை மறுபடி உப்புத்தாளில் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். இந்த ஓடு அவ்வளவு கெட்டி, தேய்க்காமல் விதைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்து முளைக்கவில்லை என்று சொன்னவர்கள் நிறையப் பேர். உப்பின விதை பத்து இருபது நாளில் முளைத்துவிடும். பை ஒரு அடியாவது ஆழமாக இருக்கட்டும், ஆறு மாதத்துக்குமேல் பையில் வைத்திருக்காதீர்கள்.

இப்போதைக்குத் தண்ணீரைக் குறைத்து, யூரியாவை நிறுத்தி, அன்னபேதியை இரண்டு தடவை தெளித்துவிடுங்கள். பங்குனி பிறந்ததும் வாரம் ஒரு நாள் முற்றின கிளைகளை அண்ணாந்து பாருங்கள். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே மிளகு அளவுக்குப் பச்சையாகக் கொத்தாக எதுவும் புடைத்திருந்தால் அது இலைத்துளிர் இல்லை, சரம்தான். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே இடத்தில் பாருங்கள்.